அரிசி வந்தாச்சு, சமைக்க ஆள் எங்கே? பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளுக்கு டெக்னீஷியன் வேணும்!



இன்னைக்கு மீம் இல்லை, ட்ரெண்டிங் ஹேஷ்டேக் சண்டை இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஒண்ணு போட்டுட்டு உட்கார்ந்து படிங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

தமிழ்நாட்டுல 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்துச்சு. உயர்நிலைப் பள்ளின்னா 10 கம்ப்யூட்டர், மேல்நிலைன்னா 20. கூடவே சர்வர், ப்ரொஜெக்டர், யுபிஎஸ், இன்டர்நெட். 2018-ல இருந்து வந்த புதுப் பாடப்புத்தகத்துல க்யூஆர் கோடு வந்துச்சு. 2019 ஆகஸ்ட்ல கல்வித் தொலைக்காட்சி வந்துச்சு. 2023-ல மணற்கேணி ஆப் வந்துச்சு. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் கிளாஸ், ஆசிரியர்களுக்கு டேப்லெட்னு வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. ரெண்டு ஆட்சியிலயும் வந்துச்சு. இதுல யாரையும் குறை சொல்ல ஒண்ணும் இல்லை. வட மாநிலங்களோடு ஒப்பிட்டா நாம எவ்வளவோ முன்னாடி இருக்கோம்.

என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்.

இதெல்லாம் ரிப்பேர் ஆனா யார் சரி பண்றது?

■ சத்துணவு சொல்லிக் கொடுத்த பாடம்

பெருந்தலைவர் காமராஜர் காலத்துல மதிய உணவு வந்துச்சு. 1982 ஜூலை 1-ல எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமா விரிவாக்கினார். பின்னாடி வந்தவங்க முட்டை சேர்த்தாங்க, 2022-ல காலை உணவும் வந்துச்சு. உலகமே திரும்பிப் பார்த்த திட்டம்.

அது ஏன் ஜெயிச்சது? அரிசி கொடுத்ததால மட்டும் இல்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு மையத்துக்கு மையம் ஆள் போட்டாங்க. அடுப்பு, பாத்திரம், சமையல் கூடம் கொடுத்தாங்க. மூட்டை மூட்டையா அரிசியை மட்டும் இறக்கி வச்சுட்டு, "டீச்சர், நீங்களே பொங்கிப் போட்டுருங்க"ன்னு சொல்லியிருந்தா அந்தத் திட்டம் ஒரு வருஷம் தாண்டியிருக்குமா?

அரசு பஸ் எடுத்துக்கங்க. பஸ் விட்டவங்க டிப்போவும் கட்டினாங்க, மெக்கானிக்கும் போட்டாங்க. அதனாலதான் பச்சைமலை அடிவாரத்துல மலையாளப்பட்டி வரைக்கும் பஸ் போகுது.

கம்ப்யூட்டர் விஷயத்துல மட்டும் அரிசி மூட்டை வந்து இறங்கிடுச்சு. சமைக்கிற ஆளைத்தான் காணோம். லேப்புக்கு ஒப்பந்த முறையில ஆள் போட ஆரம்பிச்சிருக்காங்க, அது நல்ல தொடக்கம். ஆனா லேப்பை நடத்துறது வேற, பழுது பார்க்கிறது வேற. சமையலருக்கு அடுப்பு வெல்டிங் தெரியணும்னு எதிர்பார்க்க முடியாது. கையில ஒரு உதிரிப்பாகம்கூட இல்லாம, கம்பெனிக்குக் கம்ப்ளைன்ட் போட்டுட்டுக் காத்திருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்?

■ 2020 நமக்குக் காட்டிக் கொடுத்தது

2020 மார்ச்ல பள்ளிகளைப் பூட்டினாங்க. ஜூலையில கல்வித் தொலைக்காட்சி வழியா பாடம் ஆரம்பிச்சது. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினது 2021 ஜனவரி 19-ல. அப்புறம் மறுபடி பூட்டு. ஒன்றிலிருந்து எட்டாவது வரைக்கும் உள்ள சின்னப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ல. கிட்டத்தட்ட 20 மாசம்! ஒண்ணாம் வகுப்புல சேர்ந்த குழந்தை பள்ளிக்கூடத்தையே பார்க்காம ரெண்டாம் வகுப்புக்குப் போயிடுச்சு.

அந்த நேரத்துல வீடுகள் எப்படி இருந்துச்சு? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தோட 2017-18 கணக்குப்படி, இந்தியக் கிராமப்புற வீடுகள்ல கம்ப்யூட்டர் இருந்தது 4.4 சதவீதம். இன்டர்நெட் வசதி 14.9 சதவீதம். ஊரடங்கு வந்ததும் மக்கள் கடன் வாங்கியாவது போன் வாங்கினாங்க. பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற கிராமப்புற வீடுகள்ல ஸ்மார்ட்போன் 2018-ல 36.5 சதவீதமா இருந்தது, 2020-ல 61.8 சதவீதம் ஆச்சுன்னு ஏசர் அறிக்கை சொல்லுது. அப்பவும் பத்துல நாலு வீட்டுல போன் இல்லை.

இருந்த வீட்டுலயும் யார் கையில இருந்துச்சு? அப்பா கையில. அப்பா எங்கே? சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போயிட்டார், இல்ல திருப்பூர்ல வேலையில இருக்கார். சாயங்காலம் போன் வீட்டுக்கு வந்தா முதல்ல அண்ணன் கைக்குப் போகும். தங்கச்சி முறை வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிடும், டேட்டா தீர்ந்திடும்.

டேட்டா கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. சுமாரான தரத்துல வீடியோ பார்த்தா ஒரு மணி நேரத்துக்குத் தோராயமா அரை ஜிபி. முக்கால் மணி நேர வகுப்பு நாலு பார்த்தா 3 மணி நேரம், 1.5 ஜிபி. அதாவது ஒரு பிள்ளை பாதி நாள் படிச்சா ஒரு போனோட அன்னைக்குக் கோட்டா முடிஞ்சது. அந்த வீட்டுல ரெண்டு பிள்ளை இருந்தா? 2024 ஜூலையில தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏத்தினப்போ, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தர்ற 28 நாள் ஜியோ பிளான் 239-ல இருந்து 299 ரூபாய் ஆச்சு. முந்திரிக்கொட்டை பொறுக்குற அம்மாவுக்கு அந்த 60 ரூபாய் சின்னக் காசு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டு எழுத்தறிவு 80.09 சதவீதம். பெரம்பலூர் 74.32. அரியலூர் 71.34. ஏற்கெனவே பின்தங்கி ஓடிக்கிட்டிருக்கிற ரெண்டு மாவட்டம். 1995-ல திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிஞ்சது. 2001-ல அரியலூர் தனியாச்சு, 2002-ல மறுபடி சேர்த்தாங்க, 2007-ல திரும்பவும் பிரிச்சாங்க. மாவட்டத்தைப் பிரிச்சுச் சேர்த்து விளையாடினதுல பத்து வருஷம் போச்சு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்படியே காலம் கடத்தக் கூடாது.

■ எங்கே எது பழுதாகுது?

நான் படிச்சது இன்ஜினீயரிங். அரசியல் பேசுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை வச்சுப் பார்க்கிற பழக்கம் உண்டு. நம்ம ஒன்றியத்துல ஆர்வம் உள்ள தம்பிகளோட சில பள்ளிகளுக்கு, தலைமையாசிரியர் கூப்பிட்டதன் பேர்ல போய்ப் பார்த்ததுல தெரிஞ்சதைச் சொல்றேன். பெரும்பாலும் சின்ன விஷயங்கள்தான்.

முதல்ல யுபிஎஸ் பேட்டரி. லெட்-ஆசிட் பேட்டரிக்கு மூணு, நாலு வருஷம்தான் ஆயுசு. வெப்பம் 10 டிகிரி கூடினா ஆயுசு பாதியாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. பெரம்பலூர் வெயில்ல, ஜன்னலைச் சாத்தி வச்ச அறையில அது எத்தனை நாள் தாங்கும்? பேட்டரி செத்துப் போனா ஒவ்வொரு பவர் கட்டுக்கும் சர்வர் பட்டுனு ஆஃப் ஆகும். நாலு தடவை அப்படி ஆனா ஹார்டு டிஸ்க் போச்சு.

ரெண்டாவது, லேப்போட அமைப்பு. நிறைய லேப்ல மேசை மேல இருக்கிறது முழுக் கம்ப்யூட்டர் இல்லை. எல்லாமே ஒரு சர்வரை நம்பி ஓடுற சின்னப் பெட்டிகள். இது சிக்கனமான முறைதான், தப்பு சொல்லலை. ஆனா சர்வரோ நடுவுல இருக்கிற நெட்வொர்க் ஸ்விட்ச்சோ படுத்தா 20 ஸ்க்ரீனும் ஒரே நேரத்துல கறுப்பாயிடும். ஒரு மேல்நிலைப் பள்ளியில ரெண்டு மாசமா லேப் மூடியே கிடந்துச்சு. "சர்வர் போச்சு"ன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. திறந்து பார்த்தா ஸ்விட்ச்சோட அடாப்டர் மட்டும் எரிஞ்சிருக்கு. சில நூறு ரூபாய் சாமான். அதைக் கண்டுபிடிக்க ஆள் இல்லாததால அந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டு மாசம் போச்சு.

மூணாவது தூசி. அரியலூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டோரப் பள்ளியில ப்ரொஜெக்டர் ஃபில்டரை மாசம் ஒரு தடவை சுத்தம் பண்ணலைன்னா அது சூடாகித் தானா அணைஞ்சிடும். "ப்ரொஜெக்டர் ரிப்பேர்"னு துணி போட்டு மூடி வைப்பாங்க. தேவைப்பட்டது ஒரு பிரஷ்ஷும் பத்து நிமிஷமும்.

நாலாவது எர்த்திங். பாறையும் வறட்சியுமா இருக்கிற மண்ணுல எர்த் பிட்டுக்கு யாரும் தண்ணி ஊத்தறதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல 2, 3 வோல்ட்டுக்கு மேல காட்டினாலே ஏதோ கோளாறுன்னு அர்த்தம். இடி மின்னல் சீசன்ல எத்தனை ரவுட்டர் போகுதுன்னு டீச்சர்களைக் கேட்டுப் பாருங்க. அப்புறம் எலி. லேன் வயர் எலிக்குப் பிடிச்ச தீனி.

அஞ்சாவது பாஸ்வேர்டு. சிரிக்காதீங்க. பழைய ஹெட்மாஸ்டர் நம்பர்ல ஓடிபி பதிவாகியிருக்கும். அவர் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போயிருப்பார், இல்ல ரிட்டயர்ட் ஆகியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்குப் போன் போட்டு "சார், ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க"ன்னு கேட்கணும். அவர் பேரன் கல்யாணத்துல இருந்தா அன்னைக்கு வேலை அவ்வளவுதான்.

இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. டிப்ளமோ படிச்ச ஒரு தம்பி, ஒரு கிட் பேக், ஒரு டூவீலர் இருந்தா பாதிக்கு மேல அன்னைக்கே முடியும்.

■ சிலர் கேட்கிற கேள்விகள்

"கொரோனா முடிஞ்சு போச்சே, இனி ஆன்லைன் கிளாஸ் எதுக்கு?"

பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைக்கு ஜேஇஇ கம்ப்யூட்டர்ல. கலந்தாய்வுக்கு விண்ணப்பம் ஆன்லைன்ல. உதவித்தொகை, சான்றிதழ் எல்லாம் ஆன்லைன்ல. ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இடம் காலியா இருந்தா, வேற ஊர் ஆசிரியர் நடத்துற பாடத்தைத் திரையில பார்க்கிறதுதான் அந்த வருஷத்துக்குக் கிடைக்கிற ஒரே வழி. கொள்ளிடத்துல வெள்ளம் வந்து திருமானூர், தா.பழூர்ப் பக்கம் விடுமுறை விட்டா பாடம் எப்படி நடக்கும்? நகரத்துத் தனியார் பள்ளியில லிங்க் அனுப்பிடுவாங்க. நம்ம பிள்ளை மழையை வேடிக்கை பார்க்கணுமா? 2019 செப்டம்பர்ல கேரள உயர்நீதிமன்றம், ஒரு கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்குல, இணைய வசதியைப் பெறுவது கல்வி உரிமையோட ஒரு பகுதின்னு தீர்ப்புச் சொல்லியிருக்கு. உரிமைன்னு ஆன பிறகு அதுக்கு சீசன் கிடையாது.

"வாத்தியார்தான் முக்கியம், கம்ப்யூட்டர் என்ன பண்ணும்?"

நூத்துக்கு நூறு உண்மை. பெரு நாட்டுல 8 லட்சத்துக்கும் மேல லேப்டாப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாங்க. 319 தொடக்கப் பள்ளிகள்ல நடந்த ஆய்வு 2012-ல வெளியாச்சு. கணக்குலயும் மொழிப்பாடத்துலயும் முன்னேற்றம் எதுவும் தெரியலை. பெட்டியை மட்டும் கொடுத்தா பெட்டிதான் மிஞ்சும். அதனாலதான் நான் இன்னும் நாலு பெட்டி கேட்கலை, ஆள் கேட்கிறேன். அந்த ஆள் வந்தா முதல்ல நிம்மதி ஆகுறது நம்ம டீச்சர்தான். இன்னைக்கு அவங்க எமிஸ் பதிவேற்றம், செயலி, வருகைப் பதிவு, சர்வர் ஸ்லோனு பாடம் நடத்துற நேரத்தைத் தொலைச்சுக்கிட்டு இருக்காங்க. வாத்தியாரை வாத்தியாரா இருக்க விடுறதுக்குத்தான் டெக்னீஷியன்.

"காசு எங்கே இருக்கு?"

கணக்குப் போடுவோம். பெரம்பலூர் மாவட்டத்துல 4 ஒன்றியம்: பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர். அரியலூர் மாவட்டத்துல 6: அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர். மொத்தம் 10. ஒன்றியத்துக்கு ரெண்டு பேர்னா 20 பேர். மாசம் 25,000 ரூபாய் சம்பளம்னு வச்சா வருஷத்துக்கு 60 லட்சம். உதிரிப்பாகம், பேட்டரி, பெட்ரோல் செலவுக்கு இன்னொரு 60 லட்சம் ஒதுக்கினாலும் மொத்தம் 1 கோடியே 20 லட்சம். ரெண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து! கோடிக்கணக்குல வாங்கிப் போட்ட சாமானைக் காப்பாத்த இது அதிகமா? நம்ம மண்ணுல வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லுக்காகவே மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதின்னு ஒண்ணு இருக்கு. பாதிக்கப்பட்ட பகுதியோட கல்விக்கும் அதைச் செலவு பண்ணலாம்னு விதியிலேயே இருக்கு. புழுதி நம்ம பிள்ளைகளுக்கு, பலனும் அவங்களுக்கு வரட்டுமே!

■ பக்கத்து வீட்டைப் பார்ப்போம்

கேரளாவுல 2001-லேயே ஐடி@ஸ்கூல்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. 2017-ல அதைக் 'கைட்'ங்கிற அரசு நிறுவனமா மாத்தினாங்க. பள்ளிக்கு ஒரு ஆசிரியர் ஐடி ஒருங்கிணைப்பாளர், மாவட்டத்துக்கு மாஸ்டர் டிரெய்னர்கள்னு ஆள் பலத்தை முதல்ல கட்டினாங்க. லைசென்ஸ் காசு இல்லாத லினக்ஸ்லதான் பள்ளிக் கம்ப்யூட்டர்கள் ஓடுது. 2018-ல 'லிட்டில் கைட்ஸ்'னு மாணவர் கிளப். பள்ளிப் பிள்ளைகளே கேமரா, அனிமேஷன், ஹார்டுவேர் கத்துக்கிட்டு லேப்பையும் கவனிச்சுக்கறாங்க. இருபது வருஷமா ஆள் பலம் கட்டினதாலதான் 2020 ஜூன் 1-ம் தேதியே அவங்களால 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்பை டிவியில தொடங்க முடிஞ்சது.

இன்னும் தூரம் போனா உருகுவே. 2007-ல ஆரம்பிச்சு அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் லேப்டாப் கொடுத்த சின்ன நாடு. அங்கேயும் பழுதுதான் பெரிய தலைவலியா வந்துச்சு. அங்கே ஊர் ஊரா தன்னார்வலர்கள் அமைப்பா சேர்ந்து விநியோகத்துக்கும் உதவிக்கும் கை கொடுத்தாங்க.

நம்ம பெரம்பலூரே ஒரு காலத்துல வழிகாட்டினது மறந்துடுச்சா? 2013 வாக்குல அப்போதைய கலெக்டர் தரேஸ் அகமது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து 'சூப்பர் 30' வகுப்பு நடத்தினார். கூலி வேலை செய்றவங்க பிள்ளைகள் மருத்துவம், பொறியியலுக்குப் போனாங்க. திறமை இங்கே இல்லைன்னு எவனும் சொல்ல முடியாது. கை கொடுக்க ஆள் இருந்தா நம்ம பிள்ளை மேல வந்துடும்.

■ அரசுக்கு நம்ம கோரிக்கை

கோட்டையில யார் உட்கார்ந்திருந்தாலும் கோரிக்கை இதேதான்.

1. ஒன்றியத்துக்கு ரெண்டு பள்ளித் தொழில்நுட்பப் பணியாளர். உள்ளூர் டிப்ளமோ, இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. வருஷா வருஷம் அத்துக் கூலி மாதிரி ஒப்பந்தம் போடாம, பணிப் பாதுகாப்போட. பி.எட். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சுட்டு வருஷக்கணக்கா காத்திருக்கிறவங்களோட ஆசிரியர் பணி தனிக் கோரிக்கை. அதை இதோட போட்டுக் குழப்பக் கூடாது.

2. ஒரே புகார் எண். புகார் வந்த தேதி, சரியான தேதி ரெண்டும் ஊருக்கே தெரியற மாதிரி மாவட்ட இணையதளத்துல வரணும். கம்பெனி தாமதம் பண்ணினா அபராதம்.

3. யுபிஎஸ் பேட்டரிக்குத் தனி ஒதுக்கீடு. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, பழுதாகறதுக்கு முன்னாடியே மாத்தணும்.

4. பெரம்பலூர்ல 121, அரியலூர்ல 201, மொத்தம் 322 ஊராட்சி. பாரத்நெட் ஃபைபர் ஊராட்சி அலுவலகத்தோட நின்னுடக் கூடாது. அங்கேயிருந்து பள்ளிக்கு இழுக்கிற கடைசி சில நூறு மீட்டர்தான் முக்கியம். பள்ளி வரைக்கும் வெளிச்சம் வந்துச்சான்னு ஊராட்சி வாரியா பட்டியல் வெளியிடுங்க.

5. இன்டர்நெட் இல்லாட்டியும் ஓடுற ஏற்பாடு. பாட வீடியோக்களை லேப் சர்வர்லயே ஏத்தி வச்சா லைன் கட் ஆனாலும் வகுப்பு நிக்காது. தீக்ஷா ஆப்லயே வீடியோவைப் பள்ளியில இறக்கிக்கிட்டு வீட்டுல டேட்டா இல்லாம பார்க்கலாம். இதைப் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தாலே மாசம் ஒரு ரீசார்ஜ் மிச்சம்.

■ இனி நம்ம வேலை

அரசு செய்யட்டும்னு நாம கையைக் கட்டிக்கிட்டு இருக்கப் போறதில்லை. நம்ம தகவல் தொழில்நுட்ப அணியில இருக்கிற தம்பி தங்கச்சிகள்ல பாதிப் பேர் இன்ஜினீயரிங், டிப்ளமோ. ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ட்விட்டர் ஸ்பேஸ்ல உட்கார்ந்திருக்க நமக்கு நேரம் இருக்கு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை பள்ளிக்கு ஒதுக்க முடியாதா?

ஆனா தோழர்களே, இங்கே கண்டிப்பான சில விதிகள். இதைப் படிக்காம யாரும் பள்ளிப் பக்கம் போகாதீங்க.

✔ தலைமையாசிரியர் அனுமதி எழுத்துல இருக்கணும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரியணும். முன்னாள் மாணவர்களுக்கு அந்தக் குழுவுல இடம் உண்டு. நீங்க படிச்ச பள்ளின்னா அந்த வழியா போங்க.

✔ பள்ளி வாசலோட கட்சி நின்னுடணும். கொடி, கரை வேட்டி, பேட்ஜ், தலைவர் படம் போட்ட டீ-ஷர்ட் எதுவும் உள்ளே வரக் கூடாது. சரி பண்ணின கம்ப்யூட்டர் மேல ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. வால்பேப்பர்ல தலைவரை வச்சுட்டு வர்றது சேவை இல்லை, அசிங்கம்.

✔ பிள்ளைகள் படம், வீடியோ எடுத்துப் போடக் கூடாது. அடாப்டர் மாத்தினதுக்கு நாலு குழந்தையை நிக்க வச்சு நன்றி சொல்ல வைக்கிற ரீல்ஸ் கலாசாரம் நமக்கு வேண்டாம்.

✔ எமிஸ் பக்கம் விரலே படக் கூடாது. மாணவர் பெயர், பெற்றோர் போன் நம்பர், சாதி, வருமானம் எல்லாம் அதுல இருக்கு. டீச்சரே பாஸ்வேர்டைக் கொடுத்தாலும், "நீங்களே டைப் பண்ணுங்க டீச்சர், நான் பக்கத்துல நின்னு சொல்றேன்"னு சொல்லுங்க. அந்த நம்பர் ஒண்ணுகூட நம்ம வாட்ஸ்அப் குரூப்புக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ வரக் கூடாது. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு கொடுக்குது. சட்டத்தை விடுங்க, ஒரு அப்பா அம்மா நம்மை நம்பி உள்ளே விட்டிருக்காங்க.

✔ வாரண்டி சீல் இருக்கிற பெட்டியைப் பிரிக்காதீங்க. வெளியில இருக்கிற வயர், அடாப்டர், ஃபில்டர், பேட்டரி இணைப்பு, அமைப்புகள் மட்டும். அதுக்கு மேலன்னா புகார் பதிய உதவி பண்ணுங்க, புகார் எண்ணை எழுதி லேப் கதவுல ஒட்டுங்க.

✔ தங்கச்சிகளும் குழுவுல வரணும். ப்ரொஜெக்டரை ஒரு அக்கா சரி பண்றதைப் பார்க்கிற எட்டாவது படிக்கிற பெண் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பாடம் வேற இல்லை.

"கட்சிக்காரனுக்குப் பள்ளியில என்ன வேலை?"ன்னு கேட்பாங்க. கேட்கணும். நியாயமான சந்தேகம். பதில் வாயால சொல்ல வேண்டாம், மேல சொன்ன விதிகளைக் காப்பாத்திக் காட்டினா போதும். மாத்துக் கட்சி அணிக்காரங்க இதே வேலையை அடுத்த ஒன்றியத்துல செஞ்சா போன் போட்டு வாழ்த்துங்க. உதிரிப்பாகம் இருந்தா பகிர்ந்துக்கங்க. பேட்டரிக்குக் கட்சி தெரியாது.

இன்னொண்ணு. நாம சரி பண்ணிக்கிட்டே இருந்தா அரசு ஆள் போட வேண்டாம்னு விட்டுடக் கூடாது. அதனால ஒவ்வொரு பள்ளியிலயும் பார்த்த பழுது, ஆன செலவு, சரி பண்ண ஆன நேரம், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதுங்க. பிள்ளைகள் விவரம் இல்லாம, பழுது விவரம் மட்டும். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு மாவட்டக் கணக்கையும் சேர்த்து ரெண்டு கலெக்டர்கிட்டயும், முதன்மைக் கல்வி அலுவலர்கள்கிட்டயும், சட்டமன்ற உறுப்பினர்கள்கிட்டயும் கொடுப்போம். "20 பேர் போடுங்க"ன்னு கோஷமா கேட்காம கணக்கோட கேட்போம். தன்னார்வம் தொடக்கத்துக்குத்தான். நிரந்தரத்துக்குச் சம்பளம் வாங்குற ஆள்தான் வேணும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் கட்டி ஆயிரம் வருஷம் ஆச்சு. இன்னைக்கும் கம்பீரமா நிக்குதுன்னு பெருமைப்படுறோம். தொல்லியல் துறைன்னு ஒண்ணு இருந்து பராமரிக்கிறதாலயும்தான் அது நிக்குது. கட்டினவனைப் பாடுற நாம, காவந்து பண்றவனையும் மதிக்கக் கத்துக்கணும்.

உங்க ஊர்ப் பள்ளியில லேப் ஓடுதா? ப்ரொஜெக்டர் எரியுதா? ஃபைபர் வந்துச்சா? பள்ளி பேர் போடாம, ஒன்றியத்தை மட்டும் குறிப்பிட்டு என்ன பழுதுன்னு கமென்ட்ல எழுதுங்க. சனிக்கிழமை வர முடியும்ங்கிற தோழர்கள் உங்க ஒன்றிய அணி ஒருங்கிணைப்பாளர்கிட்ட இந்த வாரமே பேர் கொடுங்க. ஸ்க்ரூ டிரைவர் செட்டும் ஒரு பிரஷ்ஷும் எடுத்துக்கிட்டு வந்தா போதும்.

படிச்சதோட நிறுத்தாம பகிருங்க. வேப்பந்தட்டையில இருந்து தா.பழூர் வரைக்கும் போய்ச் சேரட்டும்.

#பள்ளிக்கு_ஒரு_டெக்னீஷியன்
#பெரம்பலூர் #அரியலூர்